கதிர்காமப் பாதயாத்திரையைத் துண்டு துண்டாக நடக்கலாமா?

வடமராட்சியாள்

எல்லாருக்கும் வணக்கம். சொந்த இடம் வடமராட்சி, இப்ப கொழும்பில ஒரு கணக்காய்வு நிறுவனத்தில வேலை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில இருந்து கிழக்குக் கரையோரமா கதிர்காமம் வரைக்கும் நடக்கிற பாதயாத்திரை போகவேணும் எண்டு கனகாலமா ஆசை.

பிரச்சினை லீவு. சந்நிதியில வெளிக்கிட்டா கதிர்காமம் போய்ச்சேர ஒண்டரை மாதத்துக்குக் கிட்ட வேணும் எண்டு சொல்லீனம். எனக்கு வருசத்துக்கு 14 நாள்தான் லீவு. அதையும் ஒரேயடியா எடுத்தா மேலாளரின்ர முகத்தைப் பார்க்க ஏலாது. அதால இந்த வருசம் கொஞ்சம், அடுத்த வருசம் விட்ட இடத்தில இருந்து கொஞ்சம் எண்டு நடந்து முடிக்கலாமா எண்டு யோசிக்கிறன்.

அப்பிடி நடக்கிறது முறையோ? சந்நிதியில தொடங்கி வரிசையாத்தான் போகவேணுமோ? எந்தத் துண்டை எங்க நிப்பாட்டலாம்? நான் தனியாத்தான் வருவன், வீட்டில ஒருத்தருக்கும் நடக்கிற எண்ணம் இல்லை. வயசு 34, வருத்தம் ஒண்டும் இல்லை. ஆனா கதிரையில இருந்தே வேலை செய்யிற உடம்பு.

சந்நிதியடியான்

தங்கச்சி, நான் சொல்லுறதைக் குறை நினைக்காதேங்கோ. சந்நிதியில வேல் எடுத்து வெளிக்கிட்டா கதிர்காமத்து மாணிக்க கங்கையில முழுகிற வரைக்கும் வீட்டுப் பக்கம் திரும்பக்கூடாது எண்டுதான் எங்கட பெரியாக்கள் சொன்னவை. இடையில பஸ் ஏறி வந்து ஒபிசில இருந்துபோட்டு, அடுத்த வருசம் போய்த் தொடருறது யாத்திரை இல்லை, சுற்றுலா. லீவு இல்லாட்டி ஓய்வு எடுத்தபிறகு போங்கோ. முருகன் எங்கையும் போகமாட்டார்.

கல்லாறு மிஸ்ஸி

ஓய்வு எடுத்தபிறகு முருகன் இருப்பார் தம்பி, முழங்கால் இருக்குமா? நான் ஆசுபத்திரியில நேர்ஸா இருந்து ஓய்வு எடுத்தவள். அறுபதுக்குப் பிறகு முதல்தரம் நடக்க வெளிக்கிடுற ஆக்கள்ற முழங்காலப் பார்த்த அனுபவத்தில சொல்றன்.

மகள், துண்டு துண்டா நடக்கிறது எங்கட பக்கத்து வழக்கம்தான். மட்டக்களப்பு ஆக்கள் அங்க இருக்கிற மாமாங்கேஸ்வரர் கோயிலில, மாமாங்கம் என்டு சொல்ற இடத்தில, சேருவாங்க. வெருகலில சேருறவங்க இருக்காங்க, திருக்கோவிலில சேருறவங்க இன்னும் கூட. காட்டுப் பாதை தொடங்கிற உகந்தையில நீங்க எங்க இருந்து நடந்து வந்த என்டு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க, அடையாள அட்டையத்தான் கேப்பாங்க. யுத்தம் நடந்த காலத்தில சந்நிதியில இருந்து வர வழியே இல்லாம இருந்தது. அந்த வருசங்களில கிழக்கில இருந்து மட்டும் நடந்து போன சனத்தப் பார்த்து சுற்றுலா போனீங்க என்டு சொல்ல ஏலுமா?

இனி எங்க வெட்டுறது என்ட கேள்வி. கிலோமீற்றர் பார்த்து வெட்டாதீங்க. ஒரு கோயிலில வெட்டுங்க. கிணறு இருக்கிற, சாப்பாடு குடுக்கிற, விடிய நாலு மணிக்கு நீங்க எழும்பிப் போனாலும் கேற்றைத் திறந்துவிட ஆள் இருக்கிற கோயில். நிப்பாட்டுற அண்டைக்கு வேலுக்கு முன்னால திருநீறு வாங்கி, கூட்டத்துப் பெரியசாமிட்ட சொல்லிப்போட்டு பஸ் ஏறுங்க. அடுத்த வருசம் அதே கோயிலில இருந்து தொடங்கினா அந்தப் பரிபாலன சபை ஆக்களுக்கே உங்கள ஞாபகம் இருக்கும். தனியா வாற பொம்பிளைக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்டு நடக்கக்குள்ள விளங்கும்.

வரிசையாப் போகத் தேவையில்ல. என்னக் கேட்டா நடுவில தொடங்குங்க.

முதல் வருசம் மாமாங்கத்தில இருந்து திருக்கோவில். ஏறத்தாழ 75 கிலோமீற்றர், அஞ்சு நாளில ஆறுதலாப் போகலாம். கல்லடிப் பாலம் கடந்து ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிக்குடி, எங்கட கல்லாறு, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, தம்பிலுவில் என்டு ஊருக்கு மேல ஊர். பெரிய றோட்டு, தார், வாகனச் சத்தம். பக்திப் பரவசம் என்டு நினைச்சு வந்தா ஏமாந்துபோவீங்க. ஆனா கதிரையில இருந்த உடம்புக்கு இதான் நல்ல பள்ளிக்கூடம். கால் பிரச்சினை குடுத்தா பாமசி இருக்கு, பஸ் இருக்கு, ஒவ்வொரு ஊரிலயும் ஒரு பிள்ளையாரோ கண்ணகையம்மனோ இருக்கு. ஒரு நாள் கூட இருந்தா குருமண்வெளியில பாதையில, அதான் வாகனமும் ஏத்துற மிதவையில, ஏறி வாவியக் கடந்து மண்டூர் முருகனையும் கும்பிட்டுப்போட்டு வாங்க. உங்கட சந்நிதியில போலதான், அங்கயும் வாய் கட்டித்தான் பூசை. மோட்டார்சைக்கிள், ஆடு, பள்ளிக்கூடப் புள்ளைகள் எல்லாம் ஒரே பாதையில நிக்கும்.

ரெண்டாவது வருசம் திருகோணமலையில இருந்து மட்டக்களப்பு. கோணேசரக் கும்பிட்டு, கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூர், வெருகல், கதிரவெளி, வாகரை. ஏறத்தாழ 130 கிலோமீற்றர். முந்தி இந்த வழியில ஆத்துக்கு ஆறு பாதைக்குக் காத்திருந்துதான் கடக்கவேணும். இப்ப எல்லாத்துக்கும் பாலம் வந்திட்டு. வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலில ஒரு நாள் தங்குங்க, ஆத்தங்கரையில நல்ல நிழல். அங்கால வாகரை வரைக்கும் வெளியும் பத்தையும்தான். ஊருக்கு ஊர் தூரம். தண்ணி நிரப்பாம ஒரு கோயிலையும் விட்டு வெளிக்கிடாதீங்க.

மூணாவது, நாலாவதா உங்கட வடக்குத் துண்டு. அத வற்றாப்பளையில வெட்டலாம். வைகாசியில கண்ணகையம்மன் பொங்கல், கடல் தண்ணியில விளக்கெரிக்கிற கோயில், தெரியும்தானே. சந்நிதிக் கூட்டம் அந்தப் பொங்கலையொட்டித்தான் வரும். அதால சந்நிதி–வற்றாப்பளைய ஒரு வருசமும், வற்றாப்பளை–திருகோணமலைய இன்னொரு வருசமும் வையுங்க. அந்தப் பக்கம் எனக்கு அவ்வளவு பழக்கம் இல்ல, சந்நிதியடியான் தம்பி கோவம் ஆறினா சொல்லுவார்.

கடைசி வருசம் திருக்கோவிலில இருந்து கதிர்காமம். இதுக்கு மட்டும் 14 நாளையும் எடுங்க, மேலாளர் முகத்தப் பிறகு பாப்பம்.

ஒரு பிடிவாதம் எனக்கு இருக்கு, அதச் சொல்லிடுறன். இப்ப கனபேர் வானில வந்து உகந்தையில இறங்கி, அடுத்த நாள் விடியக் காட்டுக்குள்ள பூருறாங்க. காடு மட்டும்தான் யாத்திரை என்டு நினைப்பு. நீங்க அப்பிடிச் செய்யாதீங்க. திருக்கோவிலில சேர்ந்து கோமாரி, பொத்துவில், அறுகம்பை, பாணமை என்டு நாலு நாள் கூட்டத்தோட நடந்து உகந்தைக்கு வாங்க. அதுக்குள்ள ஆர் கெதியா நடக்கிற, ஆர் பின்னுக்கு நிக்கிற, ஆருக்கு சீனி வருத்தம், ஆர் குறட்டை விடுற என்டு எல்லாம் தெரிஞ்சிரும். உங்களயும் அவங்களுக்குத் தெரிஞ்சிரும். காட்டுக்குள்ள நீங்க பத்து நிமிசம் பிந்தினா, கொழும்புப் புள்ளயக் காணல்ல என்டு ஒருத்தர் நின்டு பாக்கிறதுக்கு அந்த நாலு நாள் வேணும். வானில வந்தவங்கள ஆருக்கும் பேர் தெரியாது, பிந்தினாலும் தெரியாது.

காட்டுக்குள்ள நிலையங்கள் வாகூரவட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். அஞ்சாறு நாள் வையுங்க. குமுக்கன் வரைக்கும் குமண வனம், ஆத்தக் கடந்தா யால. குமுக்கனில ஆசைதீர முழுகுங்க, பெரிய பெரிய மருத மரம், மணல் படுக்கை, அப்பிடி ஒரு குளிப்புக்கு அங்கால வழியில்ல. நடுவில பவுசரில கொண்டுவாற தண்ணிதான். தாங்கியில பைப்புக்கு முன்னால போத்தல்களோட வரிசை நிக்கும், ஒரு போத்தல் நிறைய ஒரு திருப்புகழ் பாடி முடிச்சிரலாம். சாமி, சாமி என்டு கூப்பிட்டுக்கொண்டே கையால கைக்குப் போத்தல முன்னுக்கு அனுப்புவாங்க. உங்கட போத்தலில ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்க.

இன்னொண்டு. பாலைப்பழ காலமும் இதான். வழியில சிறிசு சிறிசா மஞ்சள் பழம் கொட்டிக்கிடக்கும், சரியான இனிப்பு, பால் சொண்டில ஒட்டி வாயத் திறக்க ஏலாம வரும். பொறுக்கிச் சாப்பிடுங்க, ஆனா பாலை மரத்துக்குக் கீழ படுக்கவேணாம். அந்தப் பழத்துக்குக் கரடியும் வரும், மரத்தில ஏறி இருந்து தின்னும். யானையக் கண்டா கூட்டம் தானா அடங்கி நின்டிரும். கரடி அப்பிடியில்ல, ஆளுக்கும் தெரியாம கரடிக்கும் தெரியாம கிட்டப் போய் நிக்கிற நேரம்தான் ஆபத்து. அதால முன்னுக்குப் போறவங்க அரோகராவ நிப்பாட்டாமப் போடுறது.

இனி என்ட தொழில். ஆனி ஆடியில இஞ்ச கச்சான் காத்து. காய்ஞ்ச காத்து, வேர்க்க வேர்க்கக் காய வச்சிரும். சட்டை நனையாததால வேர்க்கல்ல என்டு நினைப்பீங்க, பின்னேரம் தலையச் சுத்தி விழுவீங்க. சலம் தேயிலைச் சாயம் மாதிரிப் போனா உடன நின்டு குடியுங்க. ஜீவனி என்ட உப்புச்சீனிக் கரைசல் பைக்கற்றை ஒரு லீற்றர் தண்ணியில முழுசாக் கரைக்கவேணும், அரைப் போத்தலில கரைச்சுக் குடிக்கிறது கூடாது. விடிய நாலுக்கு நடந்தா ஒம்பதுக்கு நிழல் பாருங்க, பிறகு பின்னேரம் நாலுக்கு. நடுவில தார் றோட்டில வெறுங்கால் வச்சா கொதிக்கும்.

வெறுங்காலோட நடக்கிறது அவரவர் நேத்திக்கடன். சீனி வருத்தக்காரர் மட்டும் தயவுசெய்து வேணாம், முள்ளுக் குத்தினது தெரியாமலே நடப்பாங்க. நேத்தி இல்லாட்டி பழகின செருப்புப் போடுங்க. புதுச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வராதீங்க. பாட்டாச் செருப்பில கனதூரம் நடந்தா பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில வெட்டும், அந்த இடத்தில முதல் நாளே பிளாஸ்டர் ஒட்டுங்க. கொப்புளம் வந்தா தோல உரிக்கக்கூடாது. சின்னன் என்டா விடுங்க. பெருசாகி நடக்க ஏலாட்டி, ஸ்பிரிற்றில துடைச்ச ஊசியால ஓரத்தில ஒரு துளை, தண்ணிய மெல்ல அமத்தி எடுத்து, தோல அப்பிடியே மேல விட்டு மூடிக் கட்டுங்க. திருக்கோவிலில இரவில தோல உரிச்சுப்போட்டு அடுத்த நாள் கடல் மணலில நடந்து புண்ணாக்கிக்கொண்டு வாற ஆக்கள ஒவ்வொரு வருசமும் பாக்கிறன். ஏசி ஏசித்தான் மருந்து கட்டுறது.

நிந்தவூர்_தம்பி

மிஸ்ஸி சொன்ன அந்தப் பெரிய றோட்டுத் துண்டு எங்கட ஊருக்குள்ளாலதான் போகுது. வாப்பா கடை வச்சிருந்த காலத்தில இருந்தே சாமிமார் போற நாளில கடை வாசலில ஒரு வாளி சர்பத் கரைச்சு வைக்கிறது. இப்ப நான் வைக்கிறன், கசகசா போட்டு. வந்து குடிச்சிட்டுப் போங்க, காசு எடுக்கமாட்டம். கேட்டா உம்மா ஏசுவா.

ஒரு விசயம் மட்டும் கூட்டிச் சொல்றன். திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையில சங்கமன்கண்டிப் பக்கம் பொழுதுபட்ட பிறகு நடக்க வேணாம். காட்டுக்குள்ளதான் யானை என்டு நினைக்கிறாங்க, அங்க றோட்டுக்கே வரும். நான் பொத்துவிலுக்குச் சாமான் ஏத்தப் போற ஆள், இருட்டினா மோட்டார்சைக்கிளிலயே அந்தப் பக்கம் போறல்ல.

வடமராட்சியாள்

மிஸ்ஸி அன்ரி, இவ்வளவு விபரமா ஒருத்தரும் சொல்லித்தரேல்லை. நிந்தவூர் அண்ணை, சர்பத்துக்குக் கட்டாயம் வருவன்.

இன்னும் ஒண்டு கேக்கவேணும், பொதுவில கேக்கக் கூச்சமாத்தான் கிடக்கு. காட்டுக்குள்ள ஆறு நாள். அந்த நேரத்தில மாதவிலக்கு வந்தா என்ன செய்யிறது? அந்த நாள் கணிச்சுத்தான் லீவு எடுக்கவேணும் எண்டா எனக்கு ஒரு வருசமும் சரிவராது.

கல்லாறு மிஸ்ஸி

கூச்சப்பட என்ன இருக்கு, கூட்டத்தில அரைவாசி பொம்பிளைகள். ஒவ்வொரு வருசமும் யாருக்காவது வரும்.

நான் கண்டத சொல்றன். வேல் இருக்கிற இடத்துக்குக் கிட்டப் போறல்ல, பூசைக்குச் சமைக்கிற அடுப்புப் பக்கம் போறல்ல, படுக்கை கொஞ்சம் தள்ளி. ஒருத்தரும் திருப்பி அனுப்பினத நான் காணல்ல. நடுக்காட்டில இருந்து எங்க அனுப்புற? வயசான அம்மாமார் ஒரு சீலைய மரத்தில கட்டி மறைப்புச் செய்து தருவாங்க, அவங்கதான் இதில முதல் ஆக்கள். சில கூட்டத்தில ஆசாரம் கூட, சிலதில குறைவு. திருக்கோவிலில சேரக்குள்ளயே அந்தக் கூட்டத்து அம்மா ஒருத்தர்ட்டக் காதுக்குள்ள கேட்டுருங்க. சரிவராது என்டு பட்டா அடுத்த கூட்டம் பின்னால வரும். நாள் பிந்துறதுக்குக் குளிசை போடுற யோசனை இருந்தா டொக்டரிட்டக் கேட்டுத்தான், பாமசியில நீங்களா வாங்கவேணாம்.

பாவிச்சதக் காட்டில எறியவும் வேணாம், புதைக்கவும் வேணாம், மிருகம் கிளறி எடுத்திரும். உகந்தையில பொலித்தீன் பை பாத்துப் பறிப்பாங்க, அதால மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்ரிக் டப்பா கொண்டுவாங்க, கதிர்காமம் வரைக்கும் உங்களோடயே வரட்டும். கறுத்தப் பாவாடை ரெண்டு. வேற பாரம் குறையுங்க. தோளில அஞ்சு கிலோவுக்கு மேல ஏறினா வியாழைக்கு முதல் அத ஆருக்காவது தானம் குடுப்பீங்க. நான் ஒருக்கா வழியில சில்வர் குடம் ஒண்டு தனியா நிக்கக் கண்டன், நல்ல குடம். எடுக்கவும் ஆக்கள் இல்ல, சுமக்கவும் ஆக்கள் இல்ல.

சந்நிதியடியான்

கோவம் ஒண்டும் இல்லை மிஸ்ஸி. நீங்கள் யுத்தகாலத்தைச் சொன்னபிறகு நான் என்னத்தைக் கதைக்கிறது, என்ர பெரியப்பாவே அந்த நேரம் மட்டக்களப்புக்கு வந்துதான் நடந்தவர். ஆனா ஒண்டு சொல்லுறன். விட்டு விட்டு நடந்தாலும் ஒரு துண்டையும் பஸ்ஸில கடக்காதேங்கோ. அது ஒண்டுதான் நான் விட்டுக்குடுக்கமாட்டன்.

தங்கச்சி, வற்றாப்பளைத் துண்டுக்கு வாற வருசம் சொல்லுங்கோ. சந்நிதியில முதல் நாள் இரவு மடத்தில தங்கலாம், சாப்பாட்டுக்குக் குறை இல்லை, அன்னதானக் கந்தன் எண்டு சும்மாவே பேர் வந்தது. முல்லைத்தீவுப் பக்கம் வெயிலுக்கு நிழல் குறைவு, தொப்பியோ துவாயோ கட்டாயம். எங்கட வீட்டுப் பொம்பிளையளும் வற்றாப்பளை வரைக்கும் வருவினம், அவையோட வரலாம்.

வடமராட்சியாள்

நன்றி அண்ணை. அப்ப இந்த வருசம் மாமாங்கம்–திருக்கோவில். ஆடி முதல் கிழமைக்கு லீவு போடட்டோ? கதிர்காமக் கொடியேற்றம் ஆடியிலதானே?

கல்லாறு மிஸ்ஸி

போடாதீங்க! ஆடி என்டு நினைச்சு இருந்தா சில வருசம் கொடி ஆனியிலேயே ஏறிரும். கூட்டம் மாமாங்கத்தக் கடக்கிறது அதுக்கும் ரெண்டு மூணு கிழமை முதல். காட்டுப் பாதை திறக்கிற திகதியும் பூட்டுற திகதியும் வருசா வருசம் அம்பாறைக் கச்சேரியில, அதான் மாவட்டச் செயலகத்தில, கூட்டம் வச்சுத்தான் முடிவெடுப்பாங்க. வனசீவராசிகள், ஆமி, பொலிஸ், கோயில் ஆக்கள் எல்லாரும் இருப்பாங்க. அறிவிச்ச பிறகும் ஒரு ரெண்டு நாள் முன்னப்பின்னப் போனதும் இருக்கு. திறந்திருக்கிறது ரெண்டு கிழமை அளவுதான், பின்னேரமானா உள்ள விடவும் மாட்டாங்க. கடைசி வருசத்துக்கு இத ஞாபகம் வைங்க.

இந்த வருசத்துக்கு உங்களுக்குக் காட்டுத் திகதி தேவையில்ல, கூட்டம் எப்ப மாமாங்கம் வரும் என்டு தெரிஞ்சாக் காணும். கூட்டம் திருகோணமலைக்கு வந்தவுடன நான் இஞ்ச எழுதுறன், அதில இருந்து ஒரு கிழமை, பத்து நாள் கணக்கு. அதுக்குள்ள மேலாளரிட்ட வாயால சொல்லி வைங்க, திகதி எழுதிக் குடுக்காதீங்க. மட்டக்களப்புக்கு இரவு ரயிலில வந்தா விடியக் கோயிலுக்குப் போய் முழுகிப்போட்டே தொடங்கலாம். மூணாம் நாள் கல்லாறு வருவீங்க. அண்டைக்கு மத்தியானச் சாப்பாடு எங்கட வீட்டில, கால நான் பாக்கிறன்.